ஸ்டியரிங் யார் கையில், பழி யார் தலையில்?

தானாக ஓடும் கார் வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டல் விழும், தீர்ப்பு மட்டும் வராது. அந்த ஒரே பெயருக்குள் வெவ்வேறு பொருள்கள் இருப்பதுதான் காரணம். மனிதர்தான் ஓட்டுவார், மோதப்போகிறது என்றால் மட்டும் கார் தானே பிரேக் போடும்; இது முதல் வகை. கார் தானே ஓடும், ஆனால் டிரைவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இது இரண்டாவது. டிரைவர் இருக்கையே காலியாக, குறிப்பிட்ட நகரத்துக்குள் மட்டும் ஓடும் டாக்ஸி மூன்றாவது. எதுவுமே வேண்டாம், தடை போடு என்பது நான்காவது.

ஒவ்வொரு அரசும் இந்த நான்கில் எதை, எந்த வரிசையில் ஏற்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். ஜெர்மனி 2021-லும் பிரிட்டன் 2024-லும் சட்டமே போட்டுவிட்டன. அமெரிக்காவில் அரிசோனாவும் கலிபோர்னியாவும் காலி இருக்கை டாக்ஸிகளைச் சாலையில் விட்டுவிட்டன. இந்தியாவில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அனுமதிக்கவே மாட்டேன் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறார். நான்கையும் எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் படிக்கல் ஒன்றுதான்: விபத்து நடந்த மறுநாள் யார் வந்து பதில் சொல்வார்கள்?

முதலில், இந்தப் பேச்சு வந்தாலே எழும் ஒரு கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். பிரேக் பிடிக்காத கார் ஒரு குழந்தையை இடிக்குமா, இரண்டு முதியவர்களை இடிக்குமா என்ற புதிர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இணையத்தில் விளையாட்டுப் போல வைத்து, உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 4 கோடி பதில்களைத் திரட்டி 2018-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். நாட்டுக்கு நாடு பதில் மாறியது. இளையவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற சாய்வு கிழக்காசிய நாடுகளில் குறைவாக இருந்தது. சுவையான ஆய்வுதான், ஆனால் சாலையில் நடக்கும் விபத்துகளுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. ஜெர்மனி அரசு அமைத்த நெறிமுறைக் குழு 2017-லேயே இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டது: தவிர்க்கவே முடியாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை பார்த்து ஆளைப் பிரிக்கக் கூடாது. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது என்றே நான் நினைக்கிறேன். யார் உயிர் போகலாம் என்ற முடிவு கடைசி நொடியில் காருக்குள் எடுக்கப்படுவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே அலுவலக அறைகளில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

டெம்பி நகரத்தில் நடந்தது அப்படித்தான்.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். தானோட்டி கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தால், கார் அவரைப் பார்க்காமல் போய்விடவில்லை என்று தெரியும். மோதுவதற்கு 5.6 நொடிகள் முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் வாகனம் என்றும், என்னவென்று தெரியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் சாஃப்ட்வேர் மாற்றி மாற்றிப் பெயர் வைத்தது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. கோடு போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் ஆட்கள் சாலையைக் கடப்பார்கள் என்ற எண்ணமே அந்த வடிவமைப்பில் இல்லை.

அப்புறம், அந்த வோல்வோ காரில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த அவசர பிரேக் வசதி இருந்தது. ஊபரின் சாஃப்ட்வேர் ஓடும்போது இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். தேவையில்லாமல் திடீர் திடீரென்று பிரேக் விழுவதைத் தவிர்க்க, ஆபத்து என்று தெரிந்த பிறகும் ஒரு நொடி சும்மா இருக்கும்படி நிரல் எழுதியிருந்தார்கள். முன்பு காருக்குள் இரண்டு பணியாளர்கள் இருந்தார்கள்; 2017 கடைசியில் அதை ஒருவராக்கினார்கள். அந்த ஒருவர் அன்று இரவு கைபேசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டனை யாருக்கு? நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று 2019-ல் அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். இருக்கையில் இருந்த பணியாளர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அவர் தப்பு செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. பிரேக்கை அணைத்தவர்கள், ஒரு நொடி தாமதத்தை எழுதியவர்கள், இரண்டாவது ஆளை எடுத்தவர்கள் எல்லோரும் சங்கிலியில் மேலே இருக்க, கடைசிக் கண்ணியில் இருந்தவர் மட்டும் கூண்டில் நின்றார்.

பாதி மனிதர், பாதி இயந்திரம்

சோதனைக் காரில் அந்தப் பணியாளருக்கு நேர்ந்ததுதான், இரண்டாவது வகைக் காரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் நேரக்கூடியது. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு தானோட்டித் திறனை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்திருக்கிறது. இந்த முடிவுக்குப் பயன்படுவது அதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் உள்ள கோடு மட்டும்தான். இரண்டாம் படி வரை, கார் எவ்வளவு அழகாக ஓடினாலும் சட்டப்படி ஓட்டுநர் நீங்கள்தான். டெஸ்லாவின் ஆட்டோபைலட்டும் அந்தப் படியில் உள்ளதுதான்.

இதன் நன்மை என்ன? நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டும்போது அலுப்பு குறைகிறது. இது உண்மை, பயன்படுத்தியவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அலுப்பு குறைவதும் விபத்து குறைவதும் ஒன்றல்ல. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் 2024-ல் இதை ஆராய்ந்தபோது, இத்தகைய பாதித் தானோட்டி வசதிகள் விபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை.

மனித மனம் இந்த வேலைக்கு ஏற்றதும் இல்லை. ஆயிரம் முறை சரியாக ஓடும் ஒன்றைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிரு, ஆயிரத்து ஒன்றாவது முறை அரை நொடியில் பாய்ந்து பிடி என்று கேட்பது, தூங்குகிறவரை உலுக்கி எழுப்பி அடுத்த மூச்சில் கணக்குக்கு விடை கேட்பது போல. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், நின்றுகொண்டிருந்த அவசர வாகனங்கள் மீது ஆட்டோபைலட் கார்கள் மோதிய விபத்துகளை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தது. மோதலுக்கு முன் சராசரியாக ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில்தான் ஆட்டோபைலட் கட்டுப்பாட்டை விட்டிருந்தது. அந்த ஒரு நொடிக்குள் மனிதர் என்ன செய்துவிட முடியும்? 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் சாஃப்ட்வேர் திருத்தத்துக்காகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்பது குற்றச்சாட்டு.

நீதிமன்றங்கள் நெடுநாள் ஓட்டுநரையே பார்த்துக்கொண்டிருந்தன. 2019-ல் புளோரிடாவின் கீ லார்கோவில் நடந்த ஒரு விபத்தில்தான் அது கொஞ்சம் மாறியது. கீழே விழுந்த கைபேசியை எடுக்கக் குனிந்த ஓட்டுநரின் டெஸ்லா, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டி மீது மோதி ஒரு இளம்பெண் இறந்தார். 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி டெஸ்லாவுக்கு 33 சதவீதப் பொறுப்பு உண்டு என்று சொல்லி, தண்டனைத் தொகையும் சேர்த்து சுமார் 24 கோடி டாலர் கட்டச் சொன்னது. அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு பழி குனிந்தவருக்குத்தான்.

மெர்சிடிஸ் இந்தக் கோட்டைத் தாண்டி மூன்றாம் படிக்குப் போய்ப் பார்த்தது. 2021 கடைசியில் ஜெர்மனியில் அனுமதி பெற்ற அதன் 'டிரைவ் பைலட்' தொடக்கத்தில் நெடுஞ்சாலை நெரிசலில் 60 கி.மீ. வேகம் வரை மட்டும் வேலை செய்தது. ஆனால் அது ஓடும்போது நீங்கள் சாலையைப் பார்க்காமல் இருக்கலாம், ஓட்டும் பொறுப்பு காருடையது. வேகம் குறைவு, விலை அதிகம், பயன்படும் இடம் கொஞ்சம். பொறுப்பை ஏற்க வேண்டும் என்று வந்ததும் நிறுவனங்கள் எவ்வளவு அடக்கமாகிவிடுகின்றன பாருங்கள்!

டிரைவரே இல்லாத டாக்ஸி

மூன்றாவது வகைதான் பார்க்கப் பயமாக இருப்பது. காலி இருக்கை, தானாகச் சுழலும் ஸ்டியரிங். ஆனால் என் படிக்கல்லில் வைத்தால் இது இரண்டாவதை விடக் கனமாக நிற்கிறது. பின்னிருக்கைப் பயணி மேல் யாரும் பழி போட முடியாது. மிஞ்சுவது நிறுவனம் மட்டும்.

கூகுளில் 2009-ல் தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்றைய வேமோ. 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் பகுதியில் டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றத் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்டின், அட்லாண்டா என்று பரவியது. சான் பிரான்சிஸ்கோவில் ஓடிய ஜாகுவார் கார்களில் 29 கேமரா, 5 லைடார், 6 ரேடார். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் இருட்டிலும், ரேடார் மழையிலும் கைகொடுக்கும். டெஸ்லா கேமராவை மட்டும் நம்புகிறது. செலவு குறைவு, ஒன்று ஏமாந்தால் திருத்த இன்னொன்று இல்லை.

பாதுகாப்புக் கணக்கு என்ன சொல்கிறது? ஸ்விஸ் ரீ காப்பீட்டு நிறுவனத்துடன் சேர்ந்து வேமோ 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2.53 கோடி மைல் ஓட்டத்தில் மனிதர் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால் சொத்துச் சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும் உடல்காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு. 5.67 கோடி மைல் வரை நீட்டித்த அடுத்த ஆய்வில் பாதசாரிகளைக் காயப்படுத்தும் விபத்துகள் 92 சதவீதம் குறைந்திருந்தன. வேமோவும் பங்கெடுத்து எழுதிய ஆய்வுகள் இவை, அதை மறக்கக் கூடாது. மரணக் கணக்கு வேறு கதை. அமெரிக்காவில் மனிதர்கள் 10 கோடி மைல் ஓட்டினால் ஒன்றேகால் பேர் இறக்கிறார்கள். தானோட்டி கார் அதைவிடப் பாதுகாப்பானது என்று புள்ளியியல் உறுதியோடு சொல்ல ஒரு சாவும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-லேயே கணக்கிட்டது. காயங்கள் விஷயத்தில் நம்பலாம், மரணங்கள் விஷயத்தில் பொறுத்துப் பார்க்க வேண்டும். என் மதிப்பீடு இவ்வளவுதான்.

எண்ணுக்குள் அடங்காத நன்மை ஒன்றும் உண்டு. பார்வையற்ற ஸ்டீவ் மேஹன் 2015-ல் ஆஸ்டின் தெருக்களில் கூகுள் காரில் தன்னந்தனியாகப் பயணம் செய்தார். யாரையும் கேட்காமல், யாருக்கும் கடன்படாமல் வெளியே போய் வருவது பார்வை உள்ளவர்களுக்குச் சாதாரணம். வழிகாட்டி நாயைப் பார்த்ததும் ஏற்ற மறுக்கும் டாக்ஸிக்காரர்களிடம் பட்டவர்களுக்கு அப்படியில்லை.

இனி மறுபக்கம். 2023 அக்டோபர் 2 இரவு, சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை இடித்துப் பக்கத்துப் பாதைக்குத் தூக்கி எறிந்துவிட்டுத் தப்பி ஓடியது. அங்கே வந்த குரூஸ் நிறுவனத்தின் டிரைவர் இல்லாத கார் அவர் மீது ஏறி நின்றது. பக்கவாட்டில் ஏதோ மோதியதாகத் தவறாகப் புரிந்துகொண்டு, ஓரங்கட்டுவதற்காக அவரை அடியில் வைத்தே சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. மனித டிரைவர் ஒருவர் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார். காருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்தக் காருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுகிறது. இழுத்துச் சென்ற காட்சியைத் தங்களுக்குக் காட்டவில்லை என்று கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை சொல்லி, அக்டோபர் 24 அன்று உரிமத்தை நிறுத்திவைத்தது. விசாரணைக்குப் பொய்யான அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 2024 நவம்பரில் குரூஸ் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அடுத்த மாதமே தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸிக்குப் பணம் போடுவதை நிறுத்திவிட்டது. அதாவது நிறுவனம் பதில் சொல்லியே தீர வேண்டிய நிலை இருந்தது, பொய் சொன்னதும் தொழிலே போனது. இரண்டாவது வகையில் இப்படி ஒரு முடிவைக் கற்பனை செய்ய முடிகிறதா?

வேமோவும் குறையில்லாதது அல்ல. ஆஸ்டினில் பிள்ளைகளை இறக்குவதற்காக நின்ற பள்ளிப் பேருந்துகளைத் தாண்டிப் போய், 2025 டிசம்பரில் சாஃப்ட்வேரைத் திருத்த வேண்டி வந்தது. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் மின்சாரம் போய் சிக்னல்கள் அணைந்தபோது பல கார்கள் சந்திப்புகளிலேயே நின்றுவிட்டன. இப்படிக் குறுக்கே நிற்பதைப் பற்றித் தீயணைப்புத் துறை பல காலமாகவே புகார் சொல்லிவந்தது. 2025 செப்டம்பரில் சான் புருனோ போலீசார் விதிமீறித் திரும்பிய ஒரு காரை மடக்கினார்கள். உள்ளே யாரும் இல்லாததால் அபராதச் சீட்டை யாரிடம் கொடுப்பது என்று கைபிசைந்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சட்டத்தில் உண்மையிலேயே ஓட்டை இருந்தது. இத்தனை கேமராக்களும் தெருவில் போகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டே போகின்றன என்பது இன்னொன்று. காருக்குள் ஏறியவர் நிபந்தனைகளுக்குச் சம்மதித்து ஏறினார், நடைபாதையில் போனவரை யாரும் கேட்கவில்லை.

யாரும் பேசாத பிரேக்

முதல் வகையைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுதான் அதன் அழகு. முன்னால் போகும் வண்டி மீது மோதும் விபத்துகளைத் தானியங்கி அவசர பிரேக் பாதியாகக் குறைக்கிறது என்று அதே காப்பீட்டு ஆய்வு மையம் கண்டது. பாதசாரி மீது மோதுவது 27 சதவீதம் குறைகிறது. விளக்கில்லாத இருட்டில் மட்டும் பயன் தெரியவில்லை, அது பெரிய குறைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். அமெரிக்கா 2029 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. ஓட்டுநர் ஓட்டுநராகவே இருப்பதால் பொறுப்பில் குழப்பம் இல்லை, யார் வேலையும் போகவில்லை. டெம்பியில் அணைத்து வைத்திருந்தது இந்த வசதியைத்தான்.

தடை என்ற நான்காவது வழிக்கு கட்கரி சொல்லும் காரணம் வேலைவாய்ப்பு, லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பு. அது நியாயமான கவலை. ஆனால் தடைக்கும் விலை உண்டு. இந்தியாவில் 2022-ல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஆனால் அவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள், ஏறக்குறைய 20 சதவீதம் நடந்து போனவர்கள். அவர்களைக் காப்பாற்ற டாக்ஸிக்கு ரோபோ தேவையில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் அந்தப் பிரேக்கும், கடக்கும் இடத்தில் வெளிச்சமும், தலையில் ஹெல்மெட்டும் போதும். அதனால் இந்தியாவுக்குத் தடை இன்றைக்குப் பெரிய இழப்பு இல்லை என்பதே என் கருத்து. சிங்கப்பூரில் கணக்கு தலைகீழ். அங்கே ஓட்டுநர் பற்றாக்குறை, எனவே பொங்கோல் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில் உள்ளூர்ச் சேவையாக இதைக் கொண்டுவருகிறார்கள். தனிக்காராக விற்காமல் பொதுப் போக்குவரத்தோடு கட்டிப்போடுவது, நெரிசலைக் கூட்டாத வழியும்கூட.

சரி, பேனா என் கையில் இருந்தால்? அவசர பிரேக்கை எல்லா வண்டிகளுக்கும் உடனே கட்டாயமாக்குவேன். டிரைவர் இல்லாத டாக்ஸிக்குப் பகுதி பகுதியாக உரிமம் கொடுப்பேன். விபத்தானால் முழுக் காட்சிப் பதிவும் குறித்த கெடுவுக்குள் அரசிடம் வர வேண்டும், போலீஸ் அபராதம் நேராக நிறுவனத்துக்குப் போக வேண்டும், தீயணைப்பு வண்டிக்கு ஒருமுறை குறுக்கே நின்றாலும் அது கணக்கில் ஏற வேண்டும். இரண்டாவது வகையை விற்பவர்களுக்கு இரண்டு வழி: ஓடும்போது பொறுப்பை ஏற்றுக்கொள், இல்லையென்றால் தானே ஓடும் என்று நினைக்கவைக்கும் பெயரை எடு. பிரிட்டனின் 2024 சட்டம் இரண்டையும் ஓரளவு செய்கிறது. அனுமதி பெற்ற கார் தானே ஓடும்போது, ஓட்டிய விதத்துக்காக உள்ளே இருப்பவர் மீது வழக்கு இல்லை. அனுமதி பெறாத காரை அப்படி விளம்பரப்படுத்துவதற்கும் தடை.

வேலை இழப்புக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் மருந்து ஆகாது. ஆனால் கைக்கெட்டும் முன்மாதிரி ஒன்று இருக்கிறது. ஊபர், லிஃப்ட் செயலிகள் பரவியபோது மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல் ஒவ்வொரு பயணத்துக்கும் 20 சென்ட் கட்டணம் வைத்து, அதில் 5 சென்ட்டை டாக்ஸித் தொழிலுக்கு ஒதுக்கியது. காலி இருக்கையோடு ஓடும் ஒவ்வொரு பயணத்துக்கும் அப்படியொரு தொகையைப் பிடித்து, உரிமம் வைத்திருக்கும் ஓட்டுநர்களின் ஓய்வூதியத்துக்கும் மறுபயிற்சிக்கும் போடலாம். நிறுவனங்கள் எதிர்க்கும் என்பது தெரிந்ததுதான். ஆகவே உரிமம் கொடுப்பதற்கு முன்பே அந்தத் தொகையை எழுதிவிட வேண்டும், கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.